விசுவாசமா? செயலா? – கிறித்தவ மீட்புக் கொள்கையில் ஒரு நெடிய வழக்கு

முன்னுரை

மனிதன் இறைவன் திருமுன் நிற்கத் தகுதி பெறுவது எதனால்? அவன் ஒழுகிய ஒழுக்கத்தாலா? அல்லது இறைவன்மீது அவன் வைத்த நம்பிக்கையாலா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினா, கிறித்தவ சமயத்தின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்து நின்றிருக்கிறது. ஒரு காலத்தில் நண்பர்களைப் பிரித்தது. மற்றொரு காலத்தில் துறவிகளை மன்றத்தில் நிறுத்தியது. 16ஆம் நூற்றாண்டில் மேலை ஐரோப்பாவையே இரு கூறாக்கியது.

வரலாற்று மாணவர்கள் சமயச் சீர்திருத்த இயக்கத்தைப் பாடமாகப் படிக்கிறோம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை, போப்பாண்டவரின் செல்வாக்கு, செருமானிய இளவரசர்களின் அரசியல் நோக்கம் ஆகியவற்றைக் காரணங்களாக வரிசைப்படுத்தித் தேர்வில் எழுதுகிறோம். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் அவ்வியக்கத்தின் நெஞ்சில் துடித்துக்கொண்டிருந்தது மேற்சொன்ன வினாதான். அதனை அறியாமல் லூதரை அறிய இயலாது. எனவே, எந்தச் சமயத்தவர்க்கும் விளங்குமாறு, இவ்வழக்கு எங்குத் தொடங்கி எவ்வாறு நடந்தது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் சில சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ளல் நலம். பாவத்தினின்றும் அதன் விளைவினின்றும் மனிதன் விடுவிக்கப்பட்டு இறைவனோடு ஒன்றுபடுவதே 'மீட்பு' அல்லது 'இரட்சிப்பு'. மனிதன் ஈட்டாமலே இறைவன் தன் அன்பினால் வழங்குவது 'கிருபை' அல்லது 'அருள்'. மோசே வழியாக இசுரவேல் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைத் தொகுதியைத் தமிழ் வேதாகமம் 'நியாயப்பிரமாணம்' என்று வழங்குகிறது. இக்கட்டுரையில் 'சட்டம்' என்று வருமிடங்களில் பெரும்பாலும் அதனையே குறிக்கும். நாட்டுச் சட்டத்தை அன்று.

மோசேயின் சட்டம்

பத்துக் கட்டளைகள் நாம் அறிந்தவை. ஆனால் மோசேயின் சட்டம் அப்பத்தோடு முடிவதன்று. பிற்கால யூத அறிஞர்கள் அதில் 613 கட்டளைகள் உள்ளன என எண்ணிச் சொன்னார்கள். செய்க என்பன 248. செய்யற்க என்பன 365. கொலை, களவு முதலியவற்றைத் தடுக்கும் அறநெறிகளோடு, ஓய்வுநாள் ஆசரிப்பு, ஆண் மக்களுக்கு விருத்தசேதனம், எந்த உணவை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்னும் விதிகள் யாவும் அதில் அடங்கும்.

இச்சட்டத்தை யூதர்கள் ஒரு சுமையாகக் கருதினார்கள் என்று எண்ணுவது தவறு. அவர்களுக்கு அது இறைவன் தந்த கொடை. இன்னொன்றையும் நோக்க வேண்டும். பத்துக் கட்டளைகள் அளிக்கப்பட்டது, அம்மக்கள் எகிப்தின் அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற பின்னரே. கட்டளைகளைச் சொல்லத் தொடங்குமுன், உங்களை விடுவித்தவன் நானே என்று இறைவன் நினைவூட்டுவதாக யாத்திராகமம் கூறுகிறது. முதலில் விடுதலை, பின்னரே சட்டம். கீழ்ப்படிந்தால் விடுவிப்பேன் என்பதன்று. விடுவித்தேன், ஆகவே கீழ்ப்படிக என்பதே அதன் முறை. இந்த வரிசையை மனத்திற்கொண்டால் பின்வரும் வழக்கு எளிதில் விளங்கும்.

அந்தியோகியாவில் எழுந்த பூசல்

இயேசு யூதர்; அவருடைய முதற் சீடர்களும் யூதர்களே. அவர் மறைவுக்குப்பின் சில ஆண்டுகளுக்குள் யூதரல்லாத மக்களும் இப்புதிய நெறியில் சேரலாயினர். சிரியா நாட்டு அந்தியோகியா அதற்கு முதன்மையான களமாக விளங்கியது. (இன்று துருக்கி நாட்டிலுள்ள அந்தாக்யா நகரமே அது.) சீடர்களுக்குக் 'கிறித்தவர்' என்னும் பெயர் முதன்முதலில் வழங்கியதும் அந்நகரில்தான் என்று 'அப்போஸ்தலர் நடபடிகள்' கூறுகிறது.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. யூதரல்லாத கிரேக்கன் ஒருவன் கிறித்துவை ஏற்றுக்கொண்டால் அதுவே போதுமா? அல்லது அவன் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டம் முழுவதையும் ஏற்க வேண்டுமா? யூதேயாவிலிருந்து வந்த சிலர், சட்டத்தை ஏற்காதவனுக்கு மீட்பில்லை என்று போதித்தனர். இதனை முடிவு செய்யக் கி.பி. 49 அளவில் எருசலேமில் தலைவர்கள் கூடினர். பேதுருவும், இயேசுவின் சகோதரர் என்றழைக்கப்பட்ட யாக்கோபும், பவுலும், பர்னபாவும் அங்கிருந்தனர். யூதரல்லாதார்மீது சட்டத்தின் முழுச் சுமையையும் ஏற்ற வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. சிலைகளுக்குப் படைத்த உணவு, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டவற்றின் இறைச்சி, காமத் தீயொழுக்கம் ஆகியவற்றை மட்டும் அவர்கள் விலக்கினால் போதும் என்றனர்.

முடிவு ஏட்டில் இருந்தது, பந்தியில் இல்லை. அந்தியோகியாவுக்கு வந்த பேதுரு, யூதரல்லாத கிறித்தவர்களோடு வேற்றுமை பாராட்டாமல் உடனமர்ந்து உண்டு வந்தார். யாக்கோபின் சார்பில் சிலர் எருசலேமிலிருந்து வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறித்தவர்களும் விலகினர். பவுலின் உற்ற தோழரான பர்னபாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பவுல் பொறுக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். இந்நிகழ்ச்சியைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய மடலில் மறைக்காமல் சொல்கிறார்.

இதனைச் சொன்ன கையோடுதான் அவர் தம் புகழ்பெற்ற கொள்கையை எடுத்துரைக்கிறார்: மனிதன் இறைவன்முன் நீதிமானாவது சட்டத்தின் செயல்களால் அன்று, கிறித்துவின்மேல் கொண்ட விசுவாசத்தாலேயே. ஆழ்ந்த சமயத் தத்துவம் என்று நாம் கருதும் ஒன்று, யார் யாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம் என்னும் நடைமுறைச் சிக்கலோடு பிணைந்து வந்திருக்கிறது! சட்டமே தகுதி என்றால் ஒரு சாரார் என்றும் மேற்பந்தியில். மறு சாரார் என்றும் வாயிற்படியில். விசுவாசமே தகுதி என்றால் எல்லார்க்கும் ஒரே பந்தி. பவுலின் கொள்கையில் அடங்கியிருந்த சமுதாயப் பொருள் இதுவே.

பவுலின் வாதம்

பவுல் வாதத்தில் வல்லவர். யூத சமயக் கல்வியில் தேர்ந்தவர். எனவே, தம் எதிரிகள் மதிக்கும் மறைநூலிலிருந்தே சான்று காட்டுகிறார். யூத இனத்தின் தந்தை ஆபிரகாம். அவர் இறைவனை நம்பினார். அந்நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் விருத்தசேதனம் பெற்றதோ 17ஆம் அதிகாரத்தில். மோசேயின் சட்டம் வந்ததோ இன்னும் 430 ஆண்டுகள் கழித்து. அப்படியானால், ஆபிரகாம் நீதிமான் எனப்பட்டபோது அவரிடம் விருத்தசேதனமும் இல்லை, சட்டமும் இல்லை. இருந்தது நம்பிக்கை ஒன்றே. ஆகவே, நம்புகிறவர் எவரோ அவரே ஆபிரகாமின் பிள்ளைகள் என்று பவுல் முடிவு கட்டுகிறார்.

அப்படியானால் சட்டம் எதற்காக வந்தது? இதற்குப் பவுல் ஓர் உவமை தருகிறார். கிரேக்கச் செல்வர் வீடுகளில் சிறுவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், அவன் நடத்தையைக் கண்காணிக்கவும் ஓர் அடிமை இருப்பான். சிறுவன் வளர்ந்து ஆளானதும் அக்கண்காணிப்பு முடிந்துவிடும். சட்டம் அத்தகையது என்கிறார் அவர். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதனை 'உபாத்தி' என்று மொழிந்தது. ஆனால் மூலச் சொல் பாடம் சொல்லும் ஆசிரியரைக் குறிப்பதன்று. ஆசிரியரிடம் கொண்டுபோய் விடுபவனைக் குறிப்பது.

கி.பி. 57 அளவில் உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் இன்னும் ஆழமாகச் செல்கிறார். சட்டம் தீயதன்று; நல்லதே. ஆனால் நல்லது எது என்று அறிந்தும் அதைச் செய்ய வலிமையில்லாமல், வெறுக்கின்ற தீமையையே செய்துவிடுகிற மனித அவலத்தை அவர் உருக்கமாக விவரிக்கிறார். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், காய்ச்சலைத் தணிக்காது. சட்டத்தின் நிலையும் அதுவே. குறையை அளந்து காட்டும். குறையை நீக்கும் ஆற்றல் அதனிடம் இல்லை. அவ்வாற்றல் அருளினிடமிருந்தே வரவேண்டும் என்பது பவுலின் முடிபு.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா? பாவம் பெருகினால் அருளும் பெருகுமே! இக்கேள்வியைப் பவுலே எழுப்பி, ஒருக்காலும் ஆகாது என்று மறுக்கிறார். விசுவாசம் அன்பின் வழியே செயலாற்றும் என்றும், பிறனிடம் அன்பு கூர்கிறவன் சட்டத்தை நிறைவேற்றியவன் என்றும் அவர் எழுதுவது கருதத்தக்கது. செயலை அவர் தள்ளவில்லை. செயலைத் தகுதிச் சீட்டாகக் காட்டுவதையே தள்ளினார்.

யாக்கோபின் மறுமொழி

புதிய ஏற்பாட்டிலேயே இதற்கு எதிரொலி போல் ஒரு குரல் கேட்கிறது. அது யாக்கோபின் பெயரால் வழங்கும் சிறு மடல். உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத ஒரு சகோதரனிடம், குளிர் காய்ந்து பசியாறிப் போய் வா என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடாமல் அனுப்பினால் என்ன பயன் என்று அம்மடல் கேட்கிறது. செயலற்ற விசுவாசம் உயிரற்ற உடலைப் போன்றது என்கிறது. கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்புகின்றனவே. நம்பி நடுங்குகின்றனவே என்று இடித்துரைக்கிறது. 'விசுவாசம் மட்டும்' என்னும் தொடர் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும் இம்மடலில், விசுவாசம் மட்டும் போதாது என்று மறுக்கும் இடத்தில்! பவுல் சான்று காட்டிய அதே ஆபிரகாமை யாக்கோபும் சான்றுக்கு அழைக்கிறார். ஆனால் அவர் எடுத்துக்கொள்வது, மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் துணிந்த 22ஆம் அதிகார நிகழ்ச்சியை.

இருவரும் முரண்படுகிறார்களா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். நுணுகி நோக்கினால், ஒரே சொல்லை இருவரும் இரு பொருளில் ஆளுகிறார்கள் என்பது புலப்படும். பவுல் சொல்லும் விசுவாசம், தன்னை முழுவதும் ஒப்படைக்கும் பற்றுறுதி. யாக்கோபு சாடும் விசுவாசம், உண்டு என்று தலையாட்டும் வெற்று ஒப்புதல். பவுல் மறுக்கும் செயல், விருத்தசேதனம் முதலிய சட்டச் செயல்களால் தகுதி தேடுதல். யாக்கோபு வற்புறுத்தும் செயல், பசித்தவனுக்குச் சோறிடுதல். ஒருவர் தற்பெருமை என்னும் நோய்க்கு மருந்து சொல்கிறார். மற்றவர் சோம்பல் என்னும் நோய்க்கு மருந்து சொல்கிறார். நோய் வேறானால் மருந்தும் வேறாவது இயல்புதானே?

நற்செய்தி நூல்களிலும் இவ்விரு குரல்களும் ஒலிக்கின்றன. இயேசு சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்ததாகச் சொல்வதை மத்தேயுவின் நூலில் காண்கிறோம். இறுதித் தீர்ப்பில் பசித்தவனுக்கு உணவும் அன்னியனுக்கு இடமும் கொடுத்தவர்களே ஏற்கப்படுவதாக அதே நூல் கூறுகிறது. லூக்காவின் நூலிலோ, நோன்பையும் காணிக்கையையும் கணக்குச் சொல்லி வேண்டிய பரிசேயன் அன்றி, மார்பிலடித்துக்கொண்டு இரங்க வேண்டிய வரி தண்டுவோனே நீதிமானாக வீடு திரும்புகிறான். சிலுவையில் உடன் தொங்கிய கள்வனுக்கு நற்செயல் செய்ய நேரமே இல்லை. ஆயினும் அவனுக்கு வாக்களிக்கப்படுகிறது.

அகஸ்டினும் பெலேஜியஸும்

நூற்றாண்டுகள் கடந்தன. விருத்தசேதனச் சிக்கல் மறைந்தது. வினா மட்டும் புதிய உருவில் வந்தது. பிரித்தானியத் தீவினரான பெலேஜியஸ் என்னும் துறவி உரோமை நகரில் வாழ்ந்தார். அங்குக் கிறித்தவர்களின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு மனம் வெதும்பினார். இறைவன் கட்டளையிட்டிருக்கிறான் என்றால் அதைச் செய்யும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்திருக்கிறான் என்றே பொருள். முடியாது என்பது சாக்கு என்று அவர் போதித்தார். கேட்பதற்கு நேர்மையான வாதமே.

இதனை எதிர்த்தவர், வட ஆப்பிரிக்காவில் இன்றைய அல்சீரியாவிலுள்ள இப்போ நகரின் ஆயரான அகஸ்டின் (354–430). தம் இளமைக் காலத் தடுமாற்றங்களை மறைக்காமல் எழுதிவைத்தவர் அவர். விரும்பியும் விட முடியாமல் தவித்த தம் அனுபவத்திலிருந்து, மனித மனமே பழுதுபட்டுள்ளது என்றும், நன்மையை விரும்பும் விருப்பத்தையே அருள்தான் எழுப்ப வேண்டும் என்றும் வாதிட்டார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேஜியஸின் கொள்கையை மறுத்தது. 529இல் ஆரஞ்சு நகரச் சங்கமும் அருளின் முதன்மையை உறுதி செய்தது. மீட்பின் தொடக்கம் அருளே என்பதில் மேலைத் திருச்சபை அன்றிலிருந்து உறுதியாக நின்றது. கீழைத் திருச்சபையோ இவ்வழக்கில் அவ்வளவாகச் சிக்கவில்லை. இறையருளும் மனித முயற்சியும் இணைந்து ஒத்துழைப்பதால் மனிதன் படிப்படியாக இறைச் சாயலில் வளர்கிறான் என்பது அவர்கள் கொள்கை.

லூதரின் போராட்டம்

மார்ட்டின் லூதர் 1483இல் செருமனியில் ஐஸ்லேபன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டக் கல்வி பயின்று வந்த அவர், 1505 சூலையில் இடிமின்னலில் சிக்கி, உயிர் பிழைத்தால் துறவியாவேன் என்று நேர்ந்துகொண்டார். அதே மாதத்தில் எர்பர்ட் நகரில் அகஸ்டினியர் மடத்தில் சேர்ந்தார்.

அம்மடத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. நோன்பிருந்தார், குளிரில் கண்விழித்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். அக்காலத்தில் சில பள்ளிகளில் போதிக்கப்பட்ட இறையியல், உன்னால் இயன்றதைச் செய், மீதியை இறைவன் அருள்வான் என்றது. ஆறுதல் போல் தோன்றும் இச்சொல்லே லூதருக்கு வேதனையாயிற்று. இயன்றதைச் செய்தேனா? இன்னும் கொஞ்சம் இயன்றிருக்குமோ? செய்ததும் அன்பினால் செய்தேனா, அச்சத்தினால் செய்தேனா? மனச்சான்று கூர்மையாக இருப்பவனுக்கு இக்கேள்விகளுக்கு முடிவே இராது. முயற்சியை அளவுகோலாக்கினால், அக்கறையற்றவன் நிம்மதியாக உறங்குவான், அக்கறையுள்ளவனே வதைபடுவான். லூதரின் கலகம் சோம்பேறியின் கலகமன்று. முயன்று முயன்று களைத்தவனின் கலகம்.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1512இல் இறையியல் அறிஞர் பட்டம் பெற்று, மறைநூல் விரிவுரையாளரானார். 1515–16இல் உரோமையர் மடலை விளக்கினார். அம்மடலின் தொடக்கத்தில் வரும் 'கடவுளின் நீதி' என்னும் தொடர் அவரை நெடுநாள் அலைக்கழித்தது. தவறு செய்தவனைத் தண்டிக்கும் நீதி என்றே அதற்கு அவர் பொருள் கொண்டிருந்தார். பின்னர், அது கடவுள் மனிதனுக்குக் கொடையாக வழங்கும் நீதி என்று உணர்ந்ததும், திறந்த கதவின் வழியே புதிய உலகிற்குள் நுழைந்தாற்போல இருந்ததாக, முதுமையில் 1545இல் தம் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் நினைவுகூர்ந்தார்.

1517 அக்டோபர் 31இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகளை இந்த ஒளியில் காண வேண்டும். பணம் கொடுத்தால் பாவத் தண்டனை குறையும் என்று கூறிச் சீட்டு விற்றது, அவர் கண்ணில் வெறும் ஊழலாக மட்டும் படவில்லை; கொடையைக் கடைச்சரக்காக்கிய குற்றமாகப் பட்டது.

1522இல் புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியில் வெளியிட்டபோது, உரோமையர் 3ஆம் அதிகாரத்தில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லைச் சேர்த்தார். எதிரிகள் கொதித்தெழுந்தனர். செருமானிய மொழியின் இயல்பும் பவுலின் கருத்தும் அச்சொல்லை வேண்டுகின்றன என்று 1530இல் விடை எழுதினார். யாக்கோபின் மடலையோ 1522 முன்னுரையில் வைக்கோலுக்கு ஒப்பிட்டார். பிந்திய பதிப்புகளில் அச்சொல் விடப்பட்டது.

ஆயினும் லூதர் நற்செயலுக்குப் பகைவர் அல்லர். நற்கனி தந்ததனால் மரம் நன்மரமாவதில்லை. நன்மரமாக இருப்பதனால் நற்கனி தருகிறது என்பதே 1520இல் அவர் எழுதிய 'கிறித்தவனின் விடுதலை' நூலின் சாரம். செயல் மீட்பின் வேர் அன்று, கனி. 1529இல் அவர் சிறுவர்க்கென எழுதிய வினாவிடை நூல் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்குகிறது.

சட்டமே வேண்டாம் என்றவர்கள்

குருவை மிஞ்சிய சீடர்களும் தோன்றினர். லூதரின் ஊரினரும் நண்பருமான யோகான் அகிரிகோலா, கிறித்தவனுக்குச் சட்டத்தைப் போதிக்கவே வேண்டாம் என்றார். 1537 முதல் லூதரே அவரை எதிர்த்து வாதிட வேண்டியதாயிற்று. செனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின், சட்டத்துக்கு மூன்று பயன்கள் உண்டு என்றார்: பாவத்தை உணர்த்துவது ஒன்று, தீயோரைத் தடுத்துச் சமுதாயத்தைக் காப்பது ஒன்று, ஏற்கெனவே அருள் பெற்றவனுக்கு வழிகாட்டுவது ஒன்று. அம்மூன்றாவதே தலையாயது என்பது அவர் கருத்து.

இவ்வச்சம் பழங்கதையன்று. செருமானிய லூதரன் போதகர் தீத்ரிக் போன்ஹோபர், 1937இல் வெளியிட்ட தம் நூலில், மனமாற்றமும் சீடத்துவமும் கேளாத அருளை மலிவான அருள் என்று சாடினார். நாசி ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்டார். விசுவாசத்தால் மீட்பு என்னும் கொள்கையை வழிவழியாகப் போற்றிய மரபிலிருந்தே இக்கண்டனம் எழுந்தது என்பதை நோக்குக.

திரெந்துச் சங்கத்தின் விடை

பிளவு முற்றுமுன் இணக்கத்துக்கு ஒரு முயற்சி நடந்தது. 1541இல் ரீகன்ஸ்பர்க் நகரில் கூடிய இருதரப்பு அறிஞர்கள், இக்கொள்கையில் ஓர் ஒப்புதல் வாசகத்தையே எழுதிவிட்டனர். ஆனால் வேறு பொருள்களில் பேச்சு முறிந்தது. எழுதிய வாசகத்தை உரோமையும் ஏற்கவில்லை, லூதரும் ஏற்கவில்லை. 1546இல் லூதர் மறைந்தார்.

1547 சனவரி 13இல் திரெந்துச் சங்கம் தன் ஆறாம் அமர்வில் கத்தோலிக்க விடையை அறிவித்தது. அது 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்டது. கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அருளின்றித் தன் செயல்களால் மட்டும் மனிதன் நீதிமானாகலாம் என்பவனை அச்சங்கத்தின் முதல் விதியே கண்டிக்கிறது. விசுவாசமே மீட்பின் தொடக்கமும் வேரும் என்றும் அச்சங்கம் ஏற்கிறது. ஆனால் அருளோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும். விசுவாசம் அன்போடு கூடி வளர வேண்டும். பெற்ற நீதி நற்செயல்களால் பெருகும் என்பன அதன் முடிபுகள்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? ஓர் உவமையால் விளக்கலாம். சீர்திருத்தத் திருச்சபையினர் கண்ட காட்சி நீதிமன்றம். நடுவர் குற்றவாளியை விடுதலை செய்கிறார். அவன் உள்ளம் திருந்துமுன்னரே தீர்ப்பு வந்துவிடுகிறது. கத்தோலிக்கர் கண்ட காட்சி மருத்துவமனை. மருத்துவர் நோயாளிக்கு மருந்தூட்டி உண்மையிலேயே நலமாக்குகிறார். நோயாளியும் ஒத்துழைத்து நாளுக்கு நாள் தேறுகிறான். முன்னது 'நீதிமானாக எண்ணப்படுதல்'. பின்னது 'நீதிமானாக ஆக்கப்படுதல்'.

இவ்விடத்தில் நம் மொழியில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூதரன் தொண்டர் சீகன்பால்குவின் முயற்சியால் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. அவ்வழியில் வந்த சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'நீதிமானாக்கப்படுதல்' என்றே எழுதுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'ஏற்புடையவர்' என்னும் சொல்லைக் கையாளுகிறது. 'ஆக்கப்படுதல்' மருத்துவமனையையும், 'ஏற்புடைமை' நீதிமன்றத்தையும் நினைவூட்டுகின்றன அல்லவா? பூசல் மிக்க எல்லைக்கோடு தமிழில் வந்தபோது தானே இளகிப்போயிற்று எனலாம்.

தென்னாட்டு வைணவத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கு உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் உவமை காட்டுவர். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டுவர். செருமானியப் பேராசிரியர் ருடால்ப் ஓட்டோ 1930இல் வெளியான தம் நூலில் இதனைக் கிறித்தவ அருட்கொள்கையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒப்புமை உண்டு, இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடலாகாது. சிலுவையும் யூதச் சட்டமும் இவ்வழக்கில் இல்லை.

அண்மைக்கால ஆய்வும் இணக்கமும்

20ஆம் நூற்றாண்டில் இரண்டு திருப்பங்கள் நேர்ந்தன. ஒன்று ஆய்வுத் துறையில். பவுல் எதிர்த்த யூத சமயம், செயலைக் கூட்டிக் கழித்து மீட்பை விலைக்கு வாங்கும் சமயம் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இ. பி. சாண்டர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1977இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைக் கடுமையாக மறுத்தார். யூத நூல்களின்படி, இறைமக்களாவது இறைவனின் தேர்வினாலே. சட்டத்துக்குக் கீழ்ப்படிவது அவ்வுறவில் நிலைத்திருப்பதற்கே என்று காட்டினார். நாம் முன்னே கண்ட 'முதலில் விடுதலை, பின்னரே சட்டம்' என்னும் வரிசை இங்கே நினைக்கத்தக்கது. இதனால், பவுலின் மடல்களை லூதரின் மனப்போராட்டத்தின் வழியாக மட்டும் படிக்கலாமா, அந்தியோகியப் பந்தியின் வழியாகவும் படிக்க வேண்டுமா என்னும் விவாதம் அறிஞரிடையே வலுப்பெற்றது. மற்றொரு சமயத்தைத் தாழ்த்திக் காட்டித்தான் தன் சமயத்தை உயர்த்த முடியும் என்னும் எண்ணத்துக்கும் அது ஓர் அடியாயிற்று.

மற்றொரு திருப்பம் திருச்சபைகளிடையே. 1999 அக்டோபர் 31இல், செருமனியின் அவுக்ஸ்பர்க் நகரில், லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது அவன் தகுதியால் அன்று, கிறித்துவின் மீட்புச் செயலை நம்பும் விசுவாசத்தில் அருளாலேயே என்றும், அவ்வாறு ஏற்கப்பட்டவன் நற்செயலுக்கென அழைக்கப்படுகிறான் என்றும் இரு சாராரும் ஒப்பினர். எஞ்சிய வேறுபாடுகள் பிளவுக்குக் காரணமாக வேண்டியதில்லை என்றனர். 2006இல் மெதடிஸ்டுத் திருச்சபைகளும், 2017இல் கால்வின் மரபில் வந்த சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இதில் இணைந்தன. எல்லாரும் இதனை வரவேற்கவில்லை. செருமானிய இறையியல் பேராசிரியர் பலர் வெளிப்படையாக எதிர்த்தனர். எனினும், ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட விதிகள் இன்றைய எதிர்த்தரப்புக்குப் பொருந்தா என்று சொல்ல நான்கரை நூற்றாண்டு ஆயிற்று என்பதை எண்ணும்போது, அதன் அருமை விளங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விசுவாசம் மட்டும் என்று முழங்கியவர்களும் செயலற்ற வாழ்வை ஏற்கவில்லை. செயலும் வேண்டும் என்றவர்களும் அருளின்றிச் செயல் உண்டு என்று சொல்லவில்லை. அவர்கள் வேறுபட்டது, எது முன், எது பின். எது வேர், எது கனி என்பதில். அது சிறிய வேறுபாடா? அன்று. வரிசை மாறினால் வாழ்க்கையே மாறும். நல்லவனானால் ஏற்கப்படுவேன் என்று நினைப்பவன் அச்சத்தோடு நடப்பான். வென்றால் செருக்கடைவான், தோற்றால் மனமுடைவான். ஏற்கப்பட்டேன், ஆகவே நல்லவனாக வாழ்வேன் என்று நினைப்பவன் நன்றியோடு நடப்பான். ஆனால் அந்நன்றி குளிர்ந்துபோனால் அவன் கைகள் சோம்பிவிடும். முதல் இடரைப் பவுலும் லூதரும் கண்டார்கள். இரண்டாம் இடரை யாக்கோபும் போன்ஹோபரும் கண்டார்கள்.

மதிப்பெண்ணால் மனிதனை அளக்கும் நம் மாணவ உலகுக்கும் இவ்வழக்கில் ஒரு செய்தி இருக்கிறது. ஒருவனுடைய தகுதிப் பட்டியலைப் பார்த்த பிறகே அவனைப் பந்தியில் சேர்ப்போம் என்பது எளிது. முதலில் இடம் கொடுத்து, பிறகு வளர்வதற்கு வழி காட்டுவது அரிது. அந்தியோகியாவில் ஓர் உணவு மேசையைச் சுற்றி எழுந்த பூசல் இன்றளவும் முடியாதிருப்பதற்கு அவ்வருமையே காரணம் போலும்.